பக்கத்து வீட்டுக் கொசு

ஒரு ஊர்ல ஒரு கொசு இருந்துச்சாம்னு ஆரம்பிச்சா அது பொய்யி. ஒரு ஊர்ல ஒரு கோடி கொசு இருந்துச்சாம். ம் கொட்டு மயிலு. நீ ம் கொட்டலைன்னா அத்தை அப்படியே நிறுத்திட்டுத் திரும்பிப் படுத்துக்குவேன், எனக்கும் இடுப்பு வலிக்குது. ம்... ஆங், அது.

அந்த ஊருக்கு நல்லதா ஒரு பேரு இருந்துச்சு. ஆனா யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. பஸ் கண்டக்டரே, "கொசு ஊரெல்லாம் இறங்கு, கொசு ஊரெல்லாம் இறங்கு"ம்பான். இறங்கினவங்க கழுத்துல ஒண்ணு, தொடையில ஒண்ணு, பட்டு பட்டுனு அடிச்சுக்கிட்டேதான் வீட்டுக்கு நடப்பாங்க. ஒரு தடவை ஓட்டுக் கேட்டு ஒரு ஆளு வந்து மேடையேறிப் பேசினாராம். கூட்டம் பூரா பட்டு பட்டுனு அடிச்சுக்குது. அவரு அதைக் கைதட்டல்னு நினைச்சுக்கிட்டாரு! கண்ணு கலங்கி, நிறுத்தவே மாட்டேன்னு பேசுறாரு, பேசுறாரு, பேசிக்கிட்டே இருக்காரு. அப்புறம் அவரையும் கடிச்சுது. அவரே தனக்குப் பட்டு பட்டுனு கைதட்டிக்கிட்டு இறங்கி ஓடினாராம். சிரிக்காதடி! தூங்குறதுக்குக் கதை கேட்டியா, சிரிக்கிறதுக்குக் கேட்டியா?

ஆனா ஊரு பட்ட பாடு சிரிப்பில்ல. வீட்டுக்கு ஒரு ஆளு காய்ச்சல்ல படுத்துக் கிடந்தாங்க. பள்ளிக்கூடத்துல பாதிப் பசங்க வரல, வந்த பசங்களுக்குச் சொல்லித் தர வாத்தியாரு வரல. அவரும் போர்வையைப் போத்திக்கிட்டு வெடவெடன்னு நடுங்கிக்கிட்டுக் கிடந்தாரு.

அந்த ஊர்ல அஞ்சலாட்சின்னு ஒரு அம்மா. புருசன் காலமாயிட்டாரு. ஒரே ஒரு பொண்ணு, பேரு செவ்வந்தி. அடுத்த ஊர்ல கட்டிக் கொடுத்திருந்தாங்க. செவ்வந்தி முழுகாம இருந்தா. வளைகாப்பு முடிஞ்சுது, கை நிறைய கண்ணாடி வளையல். முறைப்படி என்ன பண்ணணும்? தலைப்பிரசவத்துக்குப் பொண்ணை அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். உன்னையும் உங்கம்மா அப்படித்தானே பெத்தா? ம்.

அஞ்சலாட்சி ஆசை ஆசையாக் கிளம்பிப் போனா. அங்க அவ சம்பந்தியம்மா ராசாம்பா வாசல்லயே நின்னுக்கிட்டா. ராசாம்பான்னா சும்மா இல்ல. குரல் இருக்கே, அந்தத் தெருவுல ஆடு மாடெல்லாம் அவ குரலுக்கு ஒதுங்கித்தான் நடக்கும்.

"சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. முறை முறைதான், நான் இல்லைங்கல. ஆனா அந்தக் கொசு ஊருக்கு என் மருமகளை அனுப்ப மாட்டேன். உங்க ஊர்ல கொசு ஒழியட்டும், அப்ப அனுப்புறேன். ஒழியலைன்னா பிரசவம் இங்கதான்."

அஞ்சலாட்சி என்ன பண்ணுவா? சம்பந்தி சொன்னதுல தப்பு இல்லையே. உள்ள நின்ன செவ்வந்தி அம்மாவையே பார்த்துக்கிட்டு இருந்தா. அழுகையை அடக்கினா வளையல் குலுங்கும் பாரு, கலகல கலகலன்னு, அந்தச் சத்தம் பஸ்ஸு ஏறின பிறகும் அஞ்சலாட்சி காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. எப்படியாவது கொசுவை ஒழிச்சு என் பொண்ணை வீட்டுக்குக் கூட்டியாரணும், அது ஒண்ணுதான் நினைப்பு.

அப்போ முதல்ல என்ன பண்ணினா? புகை போட்டா. வேப்பிலை, நொச்சி இலை, சாம்பிராணி எல்லாத்தையும் ஒரு சட்டியில போட்டு, ஊஃப் ஊஃப்னு ஊதி, குபுகுபுன்னு ஒரு புகை. கொசு எல்லாம் ங்ஙொய்ய்ய்ங்னு ஒரே ஓட்டமா ஓடுச்சு. எங்க ஓடுச்சு சொல்லு? பக்கத்து வீட்டுக்கு!

பக்கத்து வீட்டுல இருந்தவரு பேரு கோதண்டம். தலையில ஒரு முடி கிடையாது, பளபளன்னு வழுக்கை. அவருக்கும் அஞ்சலாட்சிக்கும் ஆகவே ஆகாது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு முருங்கைமரம். வேரு இந்தப் பக்கம், கிளை அந்தப் பக்கம். இலை யாரு பறிக்கிறது, காய் யாரு பறிக்கிறதுன்னு வருசக்கணக்கா சண்டை. அவரு இவளைப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாரு, "அந்தம்மா"ம்பாரு. இவ அவரை "அந்த மொட்டை"ம்பா.

"உன் வீட்டுக் கொசுவை என் வீட்டுக்கு அனுப்புறியா? இரு!"ன்னு கோதண்டம் ஒரு பெரிய அண்டாவுல புகை போட்டாரு. கொசு அடுத்த வீட்டுக்குப் போச்சு. அவங்க புகை போட்டாங்க. அதுக்கு அடுத்த வீட்டுக்குப் போச்சு. அவங்களும் போட்டாங்க. இப்படியே கொசு தெரு பூரா ஊர்வலம் போயி, ஊரைச் சுத்தி, போற வழியில மாமன் மச்சான் எல்லாரையும் சேர்த்துக்கிட்டு, கடைசியில யாரு வீட்டுக்கு வந்துச்சு? அஞ்சலாட்சி வீட்டுக்கே வந்துடுச்சு! அன்னிக்கு ஊர்ல இருந்த புகையில, பஸ்காரனுக்கு ஊரே தெரியல. "எங்கடா கொசு ஊரு?"ன்னு தேடிட்டு அப்படியே தாண்டிப் போயிட்டானாம்.

ம்? தூங்கிட்டியா? இல்லையா, சரி சரி, கண்ணை மூடிக்கிட்டே கேளு.

அப்புறம் என்ன பண்ணினா? தவளை பிடிச்சா. ஏரிக்கரைக்குப் போயி ஒரு கூடை தவளை பிடிச்சாந்து தெருவுல விட்டா. தவளை கொசுவைத் தின்னுமே! நாக்கை நீட்டும், லபக்குனு விழுங்கும், க்ரக்னு ஒரு ஏப்பம் விடும். லபக்கு, க்ரக். லபக்கு, க்ரக். நல்லாத்தான் போச்சு. ஆனா தவளைக்குக் கதவு எது, சன்னல் எதுன்னு தெரியுமா? ஒரு வீட்டுல இட்லி மாவுச் சட்டிக்குள்ள குதிச்சுது. அந்த வீட்டம்மா தட்டுல ஊத்தப் போனா, மாவு தானா எந்திரிச்சு அடுப்படியைச் சுத்தி வருது! "ஐயோ, இட்லி நடக்குது"ன்னு அலறிட்டா. கோதண்டம் செருப்பைப் போட்டா செருப்பு க்ரக்னுது. இந்தக் கூத்து எவ்வளவு நாளு நடந்துச்சோ, கடைசியில தவளையே தாங்கல. ஆமா, தவளைக்கே கொசுக்கடி தாங்கல! ஒண்ணு பின்னால ஒண்ணு வரிசையா நின்னு, தத்தி தத்தி, ஏரியைப் பார்த்து ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு.

அஞ்சலாட்சிக்கு மனசு விட்டுப் போச்சு. அந்தப் பக்கம் செவ்வந்திக்கு மாசம் ஏறிக்கிட்டே போகுது. ஒத்தையா என்ன குட்டிக்கரணம் போட்டாலும் நடக்காதுன்னு அவளுக்குப் புரிஞ்சு போச்சு. அப்போ ஊரையே தண்ணி டேங்க் அடியில கூட்டினா. ஊரு வந்துச்சு. பட்டு பட்டுனு அடிச்சுக்கிட்டே உக்காந்துச்சு.

"ஏங்க, இந்தக் கொசு நம்ம ஊர்லதான் பொறக்குது. குழாயில தண்ணி எப்ப வரும்னு தெரியாம அண்டா, குண்டா, தூக்குவாளி எல்லாத்துலயும் பிடிச்சுப் பிடிச்சுத் திறந்து வைக்கிறோம். அதுல முட்டை போடுது. அவங்கவங்க வீட்டுல தேங்கின தண்ணியை அவங்கவங்க கொட்டினா போதும்"னா.

ஒருத்தரு எந்திரிச்சாரு. "எங்க வீட்டுல கொசு பொறக்கவே பொறக்காது. எங்க வீட்டுக்கு வர்றதெல்லாம் பக்கத்து வீட்டுக் கொசு."

பக்கத்து வீட்டுக்காரரு எந்திரிச்சாரு. "எங்க வீடு கண்ணாடி மாதிரி இருக்கும். அது எனக்கு அடுத்த வீட்டுக் கொசு."

இப்படியே ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, "நம்ம வீட்டுல இல்லப்பா", "பக்கத்து வீடுதான்", "பக்கத்து வீடுதான்"னு சொல்லிக்கிட்டே போனாங்க. கோதண்டம் எந்திரிச்சாரு, முருங்கைமரத்துப் பக்கம் கையைக் காட்டினாரு, உக்காந்துட்டாரு. கடைசியா அஞ்சலாட்சியும், "என் வீட்டுல சுத்தமா கிடையாது, தினம் கழுவுறேன்"னா பாரு! அவளும் அந்த ஊர்க்காரிதானே? ஆகமொத்தம் அந்த ஊர்ல எந்த வீட்டுலயும் கொசு பொறக்கல. எல்லாக் கொசுவும் பக்கத்து வீட்டுலதான் பொறந்துச்சு.

அஞ்சலாட்சிக்கு வந்துச்சு பாரு கோவம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினா. "சரி! உங்க வீட்டுல கொசு இல்ல, ஒத்துக்கிறேன். பக்கத்து வீட்டுலதான் இருக்கு, அதையும் ஒத்துக்கிறேன். அப்ப உங்க வீட்டை நீங்க பார்க்க வேணாம். நாளைக்குக் காலையில எல்லாரும் பக்கத்து வீட்டுக்குள்ள போங்க. எங்க வேணா தேடுங்க. யாரும் யாரையும் தடுக்கக் கூடாது. கண்டுபிடிச்சுக் கொண்டாந்து நடுத்தெருவுல கொட்டுங்க, பார்ப்போம்!"

அடேயப்பா! ஊரு மூஞ்சியில ஒரு வெளிச்சம்! காய்ச்சல்ல கிடந்தவனெல்லாம் போர்வையை உதறிட்டு உக்காந்துட்டான். பக்கத்து வீட்டுக்குள்ள பூந்து, அவங்க அடுப்படியைப் பார்த்து, பரணைப் பார்த்து, குத்தம் கண்டுபிடிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்கன்னா அந்த ஊரு ஜனத்துக்கு அதைவிட வேற திருவிழா வேணுமா? பல்லு கூட விளக்காம வந்து நின்னாங்க.

தேடினாங்க பாரு ஒரு தேடல்! கட்டிலுக்கு அடியில ஒரு தலை, கூரை மேல ரெண்டு காலு. டமால், டிமீல், சளப், சளார். "இதோ பாரு, தேங்காய் ஓட்டுல புழு நெளியுது!" "இங்க பாரு, ஆட்டுக்கல்லு குழியில!" "ஓட்டு மேல டயரு, டயருக்குள்ள ஒரு ஏரியே இருக்குடா!" எடுத்தவங்க சிரிப்பா சிரிச்சுக்கிட்டே கொண்டாந்து நடுத்தெருவுல கவுக்கிறாங்க, அதுக்குள்ள அவங்க வீட்டுல இருந்து இன்னொருத்தர் ஒண்ணைத் தூக்கிட்டு வர்றாரு. வாத்தியாரு வீட்டுல என்ன கிடைச்சுது தெரியுமா? அவரு காய்ச்சலுக்குக் கசாயம் காய்ச்சின சட்டி. அதைக் கழுவாம மழையில போட்டுட்டாரு. அதுலயே அடுத்த காய்ச்சலுக்குக் கொசு வளருது! கொட்டக் கூடாத குடிதண்ணிப் பானைக்கு வாயில துணி கட்டணும்னு முடிவாச்சு. துணிக்கு எங்க போறது? ஆம்பளைங்ககிட்ட வேட்டியைக் கேட்டாங்க. மதியத்துக்குள்ள ஊர்ல இருந்த பானை எல்லாம் வேட்டி கட்டிக்கிட்டு நின்னுச்சு, ஆம்பளைங்க எல்லாம் துண்டோட நின்னாங்க.

ம் சொல்லு. ம்... இப்பத்தான் முக்கியமானது வருது.

அஞ்சலாட்சி வீட்டுக்குள்ள யாரு போனாங்க? கோதண்டம்தான். இந்த நாளுக்காகத்தான் மனுசன் இத்தனை வருசம் காத்துக்கிட்டு இருந்தாரு. அடுப்படி பார்த்தாரு, தோட்டம் பார்த்தாரு, ஒண்ணும் இல்ல. மூஞ்சி தொங்கிப் போச்சு. அப்புறம் உள்ரூமுக்குப் போனா, ஒரு மூலையில புதுசா ஒரு பித்தளை அண்டா. மஞ்சள் குங்குமம் வெச்சு, பூ சுத்தி, நிறைய தண்ணி ஊத்தி, மேல ஒரு தட்டைச் சாய்ச்சு வெச்சிருந்துச்சு.

"அதைத் தொடாதே!"ன்னு கத்திக்கிட்டே ஓடியாந்தா அஞ்சலாட்சி. "அது என் பேரப்புள்ளையைக் குளிப்பாட்ட வாங்கினது. செவ்வந்தி வர்ற வரைக்கும் அண்டா வெறுசா இருக்கக் கூடாதுன்னு நிறைச்சு வெச்சிருக்கேன்!"

கோதண்டம் தட்டை நகர்த்திப் பார்த்தாரு. உள்ள பார்த்ததும் அவருக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, தெருவுக்கே கேக்குற மாதிரி ஒரு கத்து கத்தணும்னு. ஆனா அந்தக் குங்குமத்தையும் பூவையும் பார்த்தாரா, கத்தல. மெதுவா, "ஏம்மா அஞ்சலாட்சி, வந்து பாரு"ன்னாரு. பேரு சொல்லி அவரு கூப்பிட்டது அன்னிக்குத்தான் முதல் தடவை.

அஞ்சலாட்சி எட்டிப் பார்த்தா. ஊர்ல எந்த வீட்டுலயும் அவ்வளவு புழு இல்லடி. கொழுகொழுன்னு, துள்ளித் துள்ளி, கும்மாளம் போடுது. அவ அப்படியே தரையில உக்காந்துட்டா. "என் பொண்ணு வரணும்னு வெச்சதுலயா கொசு வளர்த்திருக்கேன்? நானே அவளை வரவிடாம பண்ணிட்டேனே!"ன்னு வாய்விட்டு அழுதா.

"அழறதை அப்புறம் அழலாம், இந்தப் பக்கம் காதைப் பிடி"ன்னாரு கோதண்டம். அண்டாவுக்கு இந்தக் காது அவ, அந்தக் காது அவரு. ரெண்டு பேரும் ஏலேலோன்னு தூக்கிட்டுப் போயி எங்க கொட்டினாங்க? முருங்கைமரத்து அடியில! சளார்னு ஊத்தி, அண்டாவைத் தேச்சுக் கவுத்து வெச்சாங்க.

அப்புறம் வாராவாரம் அதே மாதிரி பக்கத்து வீட்டுல குத்தம் பார்த்தாங்க. சலிக்கவே இல்ல அவங்களுக்கு. கொசு குறைஞ்சுது, காய்ச்சல் இறங்குச்சு, வாத்தியாரு போர்வையை மடிச்சாரு. அஞ்சலாட்சி சம்பந்திக்குச் சொல்லி அனுப்பினா.

ராசாம்பா நம்புவாளா? செவ்வந்தியை ஆட்டோவுல உக்கார வெச்சுக்கிட்டு, பொழுது சாயுற நேரமா பார்த்து வந்து இறங்கினா. "மருமகளே, நான் சொல்ற வரைக்கும் நீ இறங்கக் கூடாது. சம்பந்தி, ஒரு நாற்காலி போடுங்க. நான் கையை நீட்டிட்டு உக்காருறேன். ஒரு கொசு, ஒரே ஒரு கொசு என் கையில உக்காந்தாலும் ஆட்டோ வந்த வழியே திரும்பும்."

வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தா. கையை நீட்டினா. ஊரு பூரா வந்துடுச்சு. சும்மா வந்த மாதிரி ஒருத்தரு வானத்தைப் பார்க்கிறாரு, ஒருத்தரு இல்லாத ஆட்டைக் கூப்பிடுறாரு. செவ்வந்தி ஒரு காலைக் கீழ வைக்கிறா, மாமியாரைப் பார்க்கிறா, எடுத்துக்கிறா. வளையல் கலகலங்குது.

அப்போ... ங்ஙொய்ய்ய்ங்.

ஒண்ணே ஒண்ணு! எந்தச் சந்துல ஒளிஞ்சிருந்துச்சோ, ஊரோட கடைசிக் கொசு. நேரா வந்து ராசாம்பா கைக்கு மேல வட்டம் போடுது. அடிச்சா சத்தம் கேக்கும், விரட்டினா தெரிஞ்சு போகும். ஊரே அதையே பார்த்துக்கிட்டு, கண்ணை இந்தப் பக்கம் உருட்டுது, அந்தப் பக்கம் உருட்டுது.

கோதண்டம் பார்த்தாரு. தலையில கட்டியிருந்த துண்டை உருவினாரு. "சம்பந்தியம்மா, இங்க ஒரு ஊசி விழுந்துடுச்சு"ன்னு சொல்லிக்கிட்டே குனிஞ்சு, பளபளன்னு இருக்கிற மண்டையை அவ கைக்குப் பக்கத்துல நீட்டினாரு. கொசு கையைப் பார்த்துச்சு. ஒல்லிக் கை. மண்டையைப் பார்த்துச்சு. அம்மாடி, எம்மாம் பெரிய மைதானம்! போயி நடு மண்டையில உக்காந்துடுச்சு. ஊசியைச் சொருகி, உறிஞ்சுது பாரு, உறிஞ்சுது, உறிஞ்சிக்கிட்டே இருக்கு. கோதண்டம் அசையல. பல்லைக் கடிச்சாரு, காலு விரலை மடக்கினாரு, கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது.

"ஏன் அழறீங்க?"ன்னா ராசாம்பா.

"ஒண்ணும் இல்லம்மா. செவ்வந்தியைப் பார்த்தேனா, சந்தோசம்."

ராசாம்பா நீட்டின கையை மெதுவா மேல தூக்கினா. பட்டுனு ஒரு அறை! கோதண்டம் மண்டையில! தெரு பூரா எதிரொலிச்சுது. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினா, நடுவுல கொசு சப்பையா ஒட்டிக்கிட்டு இருக்கு.

"எனக்கு என்ன கண்ணு தெரியாதா?"ன்னா. ஊரு தலையைக் குனிஞ்சுக்கிச்சு. அஞ்சலாட்சி ஆட்டோவைப் பார்த்தா. போச்சு, எல்லாம் போச்சு, அவ்வளவுதான்னு நினைச்சா.

ராசாம்பா கையை முந்தானையில துடைச்சா. "எங்க ஊர்லயும் கொசு இருக்கு சம்பந்தி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அடுத்தவங்களைக் கடிக்க வர்ற கொசுவைத் தன் மண்டையில வாங்கிக்கிறவன் எங்க ஊர்ல ஒருத்தன் இல்ல." அப்புறம் அந்த ஆடு மாடு ஒதுங்குற குரல்ல ஒரு சத்தம் போட்டா. "செவ்வந்தி! என்னடி உக்காந்திருக்க? இறங்கு!"

செவ்வந்தி இறங்கி ஓடியாந்தா. "மெதுவாடி, மெதுவாடி"ன்னு ஊரே கத்துச்சு. அஞ்சலாட்சி ஒரு கையில பொண்ணைக் கட்டிக்கிட்டா, இன்னொரு கையில விபூதியை எடுத்துக் கோதண்டம் மண்டையில தடவினா. "வலிக்குதா அண்ணே?"ன்னா. மொட்டைன்னு சொன்ன அதே வாயி.

அப்புறம் ஆஸ்பத்திரியில நல்லபடியா ஒரு பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு. வீட்டுக்குக் கொண்டாந்தாங்க, பித்தளை அண்டாவுல குளிப்பாட்டினாங்க. புள்ளை ங்கா ங்கான்னு அழுதுச்சு. முன்னெல்லாம் அந்த ஊர்ல ங்ஙொய்ங்கிற சத்தத்துல எதுவுமே காதுல விழாது. இப்போ கடைசி வீடு வரைக்கும் கேட்டுச்சு. ஊரே ஓடியாந்து வீட்டுக்குள்ள நெருக்கியடிச்சு நின்னுச்சு. எடை பார்க்க நர்சம்மா தராசோட வந்தாங்க. கூட்டத்துல அம்மா யாரு, ஆயா யாருன்னு ஒண்ணும் புரியல.

"ஏங்க, இது யாரு வீட்டுப் புள்ளை?"ன்னு கேட்டாங்க.

கோதண்டம் முதல்ல சொன்னாரு, "எங்க வீட்டுப் புள்ளை." அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரு சொன்னாரு, "எங்க வீட்டுப் புள்ளைங்க." வாத்தியாரு, "நம்ம வீட்டுப் புள்ளைதான்"னாரு. அப்படியே வாசல், தெரு, தண்ணி டேங்க் வரைக்கும், எங்க வீட்டுப் புள்ளை, எங்க வீட்டுப் புள்ளைன்னு போயிக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தர் வாயில கூட பக்கத்து வீடுங்கிற வார்த்தை வரல.

ம்? மயிலு? ...ம் இல்ல. சரி. கொசு செத்துப் போச்சு, ஆட்டோ திரும்பிப் போச்சு, கதை தீர்ந்து போச்சு. தூங்குடி எங்க வீட்டுப் புள்ளை, தூங்கு.